கரண்டியிலிருந்து வழியாத கஞ்சி

மதுரை,
பிப்ரவரி 20

அன்புள்ள மகனுக்கு,

பாப்பாவுக்குக் கஞ்சி எப்போது, எப்படித் தொடங்குவது என்று நேற்று நீ போனில் கேட்டதற்கெல்லாம் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் தேதியும் அளவும் காதால் கேட்டால் நிற்காது. எழுத்தில் இருந்தால் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். மீனா வேலைக்குத் திரும்பிய பிறகு பகலில் பாப்பாவுக்கு ஊட்டப் போகிறவன் நீதான். அதனால் உனக்கே எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும், அத்தைக்கும் படித்துக் காட்டு.

முதலில் தேதி. பாப்பா பிறந்தது அக்டோபர் 12. இன்றைக்கு நாலு மாதம் முடிந்து எட்டு நாள். பெரியவர்கள் கணக்கில் இது ஐந்தாம் மாதம். "ஆறாம் மாதம் கஞ்சி கொடுக்கலாம்" என்று அவர்கள் சொல்வதற்கும், "ஆறு மாதம் முடியட்டும்" என்று டாக்டர் சொல்வதற்கும் நடுவே முழுசாக ஒரு மாதம் இருக்கிறது. ஆறாம் மாதம் பிறப்பது மார்ச் 12. ஆறு மாதம் முடிவது ஏப்ரல் 12. நீ குறித்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது தேதியை. அதுவரை தாய்ப்பால் மட்டும். மார்ச் மாத வெயிலில்கூடத் தண்ணீர் வேண்டாம். வேண்டிய நீர் பாலிலேயே இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தாதே.

அத்தை "நாலு மாசத்திலேயே கொடுப்போமே" என்கிறார் என்று குறைபட்டுக்கொண்டாய். அவரைக் குறை சொல்லாதே. 2001-ல்தான் உலக சுகாதார நிறுவனம் "நாலிலிருந்து ஆறு மாதம்" என்ற பழைய கணக்கை விட்டு, ஆறு மாதமும் முழுக்கத் தாய்ப்பால் என்று மாற்றியது. அதற்கு முன் பிள்ளை பெற்றவர்களிடம் டாக்டர்களே நாலு மாதம் என்றுதான் சொன்னார்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் நொதி முதல் மாதங்களில் கணையத்தில் மிகக் கொஞ்சமாகவே சுரக்கிறது. வயிறும் சின்னது. உள்ளே போகும் ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியும் அந்த அளவு பாலுக்கு இடமில்லாமல் செய்துவிடும். கிண்ணம், கரண்டி, தண்ணீர் வழியாக வரும் கிருமிகள் வேறு. அவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஒரு வயிற்றுப்போக்கு என்றால் என்ன பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. "பல் முளைக்கட்டும், எட்டு மாதம் ஆகட்டும்" என்று சொல்பவர்களும் வருவார்கள். பல்லுக்கும் கஞ்சிக்கும் தொடர்பே இல்லை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து வாங்கி வந்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு 200 கலோரி அளவுக்குத் திட உணவு வேண்டும். ஒன்பதிலிருந்து பதினோரு மாதத்தில் அது 300 ஆகும். ஒரு வயதுக்கு மேல் 550. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள், கஞ்சியின் கெட்டி பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சோறூட்டுக்கு அத்தை நாள் பார்க்கிறார் அல்லவா? பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம், ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம் என்பது வழக்கம். ஐந்தாம் மாதம் மார்ச் 11-ஓடு முடிகிறது. அதை விட்டால் ஏழாம் மாதம், அது பிறப்பதே ஏப்ரல் 12-ல். வழக்கமும் டாக்டர் சொல்வதும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. சித்திரை முதல் நாள் 14-ஆம் தேதி. இதை எடுத்துச் சொன்னால் அவர் மனம் கோணாது. சடங்குக்குக் குழையப் பிசைந்த சோறு, ஒரு சொட்டு நெய் போதும். தேன் மட்டும் நாக்கில் படவே கூடாது, ஒரு துளிகூட. தேனில் பொட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவரும் கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்கள் குடல் அதைத் தாங்கும், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடல் தாங்காது. கொதிக்க வைத்தாலும் அந்த விதை சாகாது. பாயசமும் வேண்டாம்.

அடுத்தது, மீனா வேலைக்குப் போகும் நாளுக்கும் ஏப்ரல் 12-க்கும் நடுவே விழும் அந்த இரண்டு வாரம். சட்டப்படி பிரசவ விடுப்பு 26 வாரம், அதாவது 182 நாள். அவள் பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே விடுப்பு எடுத்ததால் மார்ச் கடைசியிலேயே முடிந்துவிடுகிறது. "அவள்தான் வீட்டில் இல்லையே, கஞ்சியை ஆரம்பித்துவிடலாம்" என்று எல்லோருக்கும் தோன்றுவது இந்த இடத்தில்தான். நீ ஆரம்பிக்காதே. பீய்ச்சி வைத்த பால் சாதாரண அறையில் 4 மணி நேரமும் ஃபிரிட்ஜில் 4 நாளும் இருக்கும். ஏப்ரல் வெயிலில் வெளியே வைக்காமல் நேரே ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோ. கதவு ஓரத்தில் வைக்காதே, உள்ளே தள்ளி வை. எடுத்ததும் கொதிக்க வைக்கக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்திச் சூடு ஏற்று, சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடு. மார்ச் நடுவிலேயே தினம் ஒரு வேளை பீய்ச்சிச் சேர்க்கத் தொடங்கினால் முதல் வாரம் பதற்றம் இருக்காது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். அவளைக் கேட்டு வாங்கச் சொல். தயங்க வேண்டியதே இல்லை.

தேதி ஒரு கண், குழந்தை இன்னொரு கண். ஏப்ரல் 12 நெருங்கும்போது பாப்பாவைக் கவனி. இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தால் தலை ஆடாமல் நேராக நிற்க வேண்டும். கையில் கிடைத்ததைக் குறி தவறாமல் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வெறும் கரண்டியை உதட்டில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் வாயைத் திறக்க வேண்டும். மூன்றும் இருந்தால் தயார். இப்போது நாலு மாதத்தில் அவள் முஷ்டியை வாயில் திணித்துச் சப்புவது பசி என்று அத்தை நினைக்கிறார். அந்த வயசுக் குழந்தைகள் எல்லாமே அப்படித்தான் செய்யும். ராத்திரி இரண்டு முறை எழுந்தாலும் அதுவே. "ராத்திரி ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தால் நன்றாகத் தூங்கும்" என்பதை நம்பிப் பால் பாட்டிலில் மாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தூக்கத்தைத் தராது, மூச்சுக்குழாயில் ஏறும் அபாயம்தான் மிச்சம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கஞ்சி ஆரம்பித்த பிறகு குழந்தை இளைக்கிறது என்று வருகிறவர்களிடம் கஞ்சியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், பெரும்பாலும் அது தண்ணீராக இருக்கும். செரிக்காது என்ற பயத்தில் நீர்க்க வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார். 100 மி.லி. தாய்ப்பாலில் சுமார் 65 கலோரி இருக்கிறது. ஒரு தலைதட்டிய டேபிள்ஸ்பூன் கேழ்வரகு மாவு சுமார் 8 கிராம். அதை 100 மி.லி. கஞ்சியாக்கினால் கிடைப்பது 26 கலோரி. அதாவது பாலைக் குறைத்துவிட்டு, அதில் பாதிகூட இல்லாத ஒன்றை வயிற்றில் நிரப்புகிறோம். குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மி.லி.தான் கொள்ளும். ஏழு கிலோ என்றால் சுமார் 200 மி.லி.தான். அது தண்ணீரால் நிரம்பிவிட்டால் பிறகு எதற்கும் இடமில்லை. "குடித்தது, ஏப்பம் விட்டது, தூங்கிவிட்டது" என்று நாமும் திருப்தியாகிவிடுவோம். இரண்டு டேபிள்ஸ்பூன் மாவும் அரை டீஸ்பூன் நெய்யும் சேர்ந்தால் அதே 100 மி.லி. 70 கலோரியை எட்டும். ஆகவே சோதனை ஒன்றே ஒன்று: கஞ்சியைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார். வழிந்து ஓடினால் இன்னும் கெட்டியாக வேண்டும். மெல்லச் சரிந்து, ஒட்டிக்கொண்டு நின்றால் சரி.

எந்தத் தானியம் முதலில் என்பதில் பெரிய சண்டை தேவையில்லை. நீ இருக்கும் பெங்களூரில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் "ராகி சரி" என்ற கஞ்சிக்கு அவர்களே செய்முறை சொல்வார்கள். கேரளத்துக்காரர்கள் "குறுக்கு" என்பதும் கிட்டத்தட்ட இதுவே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவில் கால்சியம் உண்டு, வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. ஆனால் "இரும்புச்சத்துக்குக் கேழ்வரகு" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. இரும்பு நாலரை மி.கி. போலத்தான் இருக்கிறது, அதையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பொருள்கள் அதே தானியத்தின் தோலில் உண்டு. முளைகட்டினால் அவை குறையும். அதற்காகத்தான் முளைகட்டிய மாவு.

முளைகட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. முளைக்கும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டாகிறது. அதனால் முளைகட்டாத மாவு ஒரு டேபிள்ஸ்பூனில் எந்தக் கெட்டி வருமோ, அதே கெட்டிக்கு முளைகட்டிய மாவு ஏறக்குறைய இரண்டு பிடிக்கும். குழந்தை விழுங்கும் பக்குவம் மாறாமல் கலோரி இரட்டிப்பாகிறது. சாதாரண மாவுக்கான அளவையே முளைகட்டிய மாவுக்கும் போட்டால் கஞ்சி நீர்த்துத்தான் போகும். "இந்த மாவு சரியில்லை, ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்று தோன்றும். மாவில் தவறில்லை, அளவில்தான்.

முதல் டப்பா நான் அனுப்புகிறேன். அது தீர்ந்ததும் நீயே செய்துகொள்வதற்கு: அரைக் கிலோ கேழ்வரகை நாலைந்து தண்ணீரில் கழுவி, கல் அரித்துவிடு. கேழ்வரகில் பொடிமணல் கட்டாயம் இருக்கும், சோம்பல்படாதே. எட்டு மணி நேரம் ஊறியதும் வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடு. கோடையில் 24 மணி நேரத்தில் முளை எட்டிப்பார்க்கும், பெங்களூர்க் குளிரில் 36 மணி நேரம்கூட ஆகலாம். அரை சென்டிமீட்டர் முளை போதும். நடுவில் துணி காய்ந்தால் தண்ணீர் தெளி. பிரிக்கும்போது புளித்த வாடை வந்தாலோ, பிசுபிசுவென்று நூல் விட்டாலோ, வெள்ளைப் பூசணம் தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு. கழுவிக் காயவைத்துக் காப்பாற்றப் பார்க்காதே, பூசணம் விட்ட நஞ்சு கழுவினாலும் வறுத்தாலும் போகாது. நல்லதாக இருந்தால் வெயிலில் ஒன்றிரண்டு நாள் காயவை. ஒரு மணியைக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். பிறகு சின்னத் தீயில் வாசம் வரும் அளவுக்கு மட்டும் வறுத்து எடு. கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், இத்தனை வேலையும் வீண். மில்லுக்குக் கொண்டுபோனால் உனக்கு முன்னால் கோதுமையோ மிளகாயோ அரைத்திருப்பார்கள். கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்து நைசான சல்லடையில் சலித்துக்கொள்வதே மேல். காற்றுப் புகாத டப்பா, ஈரமில்லாத கரண்டி, ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதே.

காய்ச்சும் முறை. இரண்டு தலைதட்டிய டேபிள்ஸ்பூன் மாவை 150 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரை. வெந்நீரில் போட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும், உள்ளே மாவு வேகாது. முதல் வாரம் மட்டும் கால் மணி ஊறவிட்டு வெள்ளைத் துணியில் வடிகட்டு. அப்புறம் வடிகட்ட வேண்டாம். கால்சியத்தில் பெரும் பங்கு தோலில் இருக்கிறது, வடிகட்டிய சக்கையோடு அதுவும் போய்விடும். வடிகட்டிய பால் நின்றால் மாவு அடியில் தங்கும், பாத்திரத்தில் ஊற்றுமுன் நன்றாகக் கலக்கு. அடுப்பைச் சின்னத் தீயில் வைத்து, கைவிடாமல் கிளறு. மெதுவாகச் சூடு ஏறும்போதுதான் அந்த நொதி வேலை செய்யும், பெரிய தீயில் அதற்கு நேரமே கிடைக்காது. கொதி வந்த பிறகு ஏழெட்டு நிமிடம். பச்சை வாசம் போய், நிறம் கருத்து, மேலே பளபளப்பு வந்தால் வெந்தது என்று அர்த்தம். சுண்டி 100 மி.லி. போல நிற்கும். அரை டீஸ்பூன் நெய் விட்டு இறக்கு. ஆறும்போது இன்னும் இறுகும், இளக்கத் தண்ணீர் ஊற்றாமல் பீய்ச்சிய தாய்ப்பால் விடு. ஆனால் ஊட்டுவதற்குச் சற்று முன்புதான் விட வேண்டும். தாய்ப்பாலிலும் அதே வகை நொதி இருக்கிறது. கலந்து பத்து நிமிடம் வைத்தால் கெட்டிக் கஞ்சி நீராகிவிடும். எச்சில் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டாலும் அப்படியேதான்.

உப்பு, சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் ஒரு வயதுக்குள் வேண்டாம். நம் நாக்குக்குச் சப்பென்று இருப்பது அவளுக்குச் சப்பென்று இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு வேறு ருசி தெரியாது. பசும்பாலும் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்கு மேல்தான். அதில் இரும்பு மிகக் குறைவு, அதிகம் குடித்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் வரலாம். சமையலில் கொஞ்சம் சேர்வதற்கு எட்டு மாதத்துக்கு மேல் பயப்பட வேண்டாம்.

முதல் நாள் காலை பத்து மணி வாக்கில் ஆரம்பி. சாயங்காலம் ஆரம்பித்தால், ஒத்துக்கொள்ளவில்லை என்பது நடுராத்திரியில்தான் தெரியும். பால் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கட்டும். பசியில் அழும்போது புதுக் கரண்டியைக் காட்டினால் கோபம்தான் வரும். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் தொடங்காதே. முதல் மூன்று நாள் ஒரு வேளை, இரண்டு மூன்று டீஸ்பூன், அவ்வளவே. ஒரு வாரம் முடிவதற்குள் மூன்று டேபிள்ஸ்பூன் வரை அவளே ஏறுவாள். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வேளை. எட்டாம் மாதம் முடிவதற்குள் வேளைக்கு அரை டம்ளர், அதாவது 125 மி.லி., நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நாலு வேளை. இவை வழிகாட்டும் அளவுகள்தாம். கணக்கு முடிக்க வேண்டும் என்று திணிக்காதே. பால் குறையக் கூடாது, மீனா காலையிலும் வந்ததும் ராத்திரியும் கொடுக்கட்டும்.

ஊட்டும்போது மடியில் நிமிர்ந்து உட்கார வை. தலையைப் பின்னால் சாய்த்துச் சங்கிலோ பாலாடையிலோ கஞ்சியை ஊற்றுவதை யார் சொன்னாலும் செய்யாதே, மூக்கைப் பிடிப்பதும் அப்படியே. கரண்டியைக் கீழுதட்டில் வைத்துக் காத்திரு. அவள் வாயைத் திறந்து, மேலுதட்டால் தானே வழித்து எடுக்க வேண்டும். நீ மேல் ஈறில் தேய்த்து வழித்துவிட்டால் அந்த வித்தையை அவள் கற்கவே மாட்டாள். முதல் நாலைந்து நாள் பாதிக்கு மேல் வெளியே வரும். அது பிடிக்காததால் இல்லை. உறிஞ்சப் பழகிய நாக்கு, உணவைப் பின்னால் தள்ளிக் கொண்டுபோக இப்போதுதான் பழகுகிறது. முகத்தைத் திருப்பினால், உதட்டை இறுக்கினால் போதும் என்கிறாள். நிறுத்திவிடு. புது ருசி ஒன்றை ஏற்கப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகும். போனில் பாட்டுப் போட்டு ஊட்டாதே. வயிறு நிறைந்தது அவளுக்கே தெரியாமல் போய்விடும்.

ஓங்கரிப்பதும் அடைத்துக்கொள்வதும் வேறு வேறு. ஓங்கரிக்கும்போது முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், சத்தம் கேட்கும். அது அவளைக் காக்கும் அனிச்சை, விரலை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டிரு. அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலம் பாரிக்கும். உடனே முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் நடுவில் 5 முறை அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய், கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். நீயும் மீனாவும் இதை ஒரு பொம்மையில் செய்து பழகிவிடுங்கள். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொரி, பச்சைக் கேரட் துண்டு எதுவும் கிட்டே வரக் கூடாது.

கேழ்வரகு ஒத்துக்கொண்டு பத்து நாள் ஆனதும் பருப்பு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு. அரிசிப் புரதத்தில் குறைவது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. மூன்று டேபிள்ஸ்பூன் அரிசி, ஒன்று பருப்பு, லேசாக வறுத்து, ஐந்து பங்கு தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில். மத்தால் கடை. மிக்ஸி முதல் மாதத்தோடு போகட்டும். ஏழு மாதத்தில் மசித்தது, எட்டில் சிறு சிறு கட்டியோடு, அப்போதே கையில் பிடிக்க இட்லித் துண்டு. ஒன்பது பத்து மாதம்வரை வழவழவென்று அரைத்தே கொடுத்தால், அதற்குப் பின் பருக்கை நாக்கில் பட்டாலே துப்பும். அப்புறம் பழக்குவது பெரும்பாடு. அரிசியை மட்டுமே மூன்று வேளையும் நம்ப வேண்டாம். நிலத்தடி நீரிலிருந்து ஆர்சனிக் என்ற நஞ்சை ஏற்றுக்கொள்ளும் பயிர் அது. குழந்தைகளுக்கான அரிசி மாவுணவில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று அமெரிக்க அரசு 2020-ல் வரம்பு வைத்தது. நன்றாகக் கழுவி, தானியத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் கவலையில்லை.

அதற்கடுத்து முட்டை, கோழி, மீன், ஆட்டு ஈரல். நன்றாக வெந்து மசிந்ததாக இருக்கட்டும். இரும்பு நன்றாக உடம்பில் சேருவது கோழி, மீன், ஈரல் இவற்றிலிருந்துதான். முட்டை, வேர்க்கடலைப் பொடி, கோதுமை இவற்றை ஒரு வயதுக்கு மேல் தள்ளுவது பழைய வழக்கம், இப்போது அது வேண்டாம் என்கிறார்கள். ஒன்றொன்றுக்கும் மூன்று நாள் இடைவெளி விட்டு, காலையில், சிட்டிகை அளவில் தொடங்கு. தடிப்பு, உதடு வீக்கம், தொடர்ந்து வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பருப்பு, கீரை கொடுக்கும்போது தக்காளியோ நாலு சொட்டு எலுமிச்சையோ சேர், இரும்பு நன்றாக ஏறும். தேசிய ரத்தசோகைத் திட்டப்படி ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மி.லி. இரும்பு-ஃபோலிக் டானிக் உண்டு. ஏப்ரலில் டாக்டரிடம் கேட்டு வாங்கு. அதைக் கொடுத்தால் மலம் கருப்பாகப் போகும், கேழ்வரகிலும் கருக்கும். பயப்படாதே. புழுக்கை போல இறுகி, முக்கி அழுதால்தான் மலச்சிக்கல். சாப்பாட்டோடு நாலைந்து கரண்டி கொதித்து ஆறிய தண்ணீர், மசித்த பப்பாளி கொடு.

ஃபிளாஸ்க் வாங்கப் போவதாகச் சொன்னாய். வாங்காதே. காலையில் காய்ச்சிய கஞ்சியை மத்தியானம்வரை வெதுவெதுப்பாக வைத்திருப்பது கிருமிக்குத் தொட்டில் கட்டுவது போல. அரிசிச் சோற்றில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வேளைக்கு வேளை கால் மணி செலவழித்துப் புதிதாகக் காய்ச்சு. கிண்ணத்தில் மிஞ்சிய எச்சிலைக் கொட்டிவிடு. உன் கை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கட்டும், ஊட்டுவதற்கு முன் அவள் கையும்.

கடை டப்பாக்களைப் பற்றி மீனா கேட்டாள். அவசரத்துக்கு, பயணத்துக்கு ஒன்று இருப்பதில் தப்பில்லை, அவற்றில் இரும்பு சேர்த்திருப்பார்கள். பின்பக்கம் படித்து, சேர்த்த சர்க்கரை இல்லாததாகப் பார்த்து வாங்கு. இந்தியாவில் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான உணவுக்கு விளம்பரம் செய்யவோ டப்பாவில் குழந்தைப் படம் போடவோ 1992 சட்டமும் 2003 திருத்தமும் தடை போடுகின்றன. யாராவது இலவச சாம்பிள் நீட்டினால் வாங்காதே. பாதாம், முந்திரி, இருபது தானியம் என்று விற்கும் சத்துமாவும் இப்போது வேண்டாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இருபதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

மாதம் ஒரு முறை அதே தராசில், துணியில்லாமல் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வை. மே, ஜூனில் கோடு படுத்தால் முதலில் கஞ்சியைக் கரண்டியில் சாய்த்துப் பார், அடுத்து எத்தனை வேளை போகிறது என்று எண்ணு. இரண்டும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் போ.

மாவு ஏப்ரல் 5-ஆம் தேதி வாக்கில் அரைத்து, பார்சலில் அனுப்புகிறேன். 400 கிராம் இருக்கும். டப்பா மேல் அரைத்த தேதியை எழுதி ஒட்டியிருப்பேன், மே 5-க்கு மேல் மிஞ்சினால் அது பாப்பாவுக்கு வேண்டாம், நீங்கள் இருவரும் காய்ச்சிக் குடித்துவிடுங்கள். கூடவே தலைதட்டி அளக்க ஒரு டேபிள்ஸ்பூனும் வைக்கிறேன். உன் வீட்டில் இருக்கும் சாம்பார்க் கரண்டியால் அளக்காதே.

அன்புடன்,
அம்மா